ஜி.ஓ. வந்துச்சா? – வாஷிங்டன், ஒட்டாவா செய்திகளைப் படிக்க ஒரு கேள்வி

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்திருக்கிறோம். பதிவு: 2025 நவம்பர் கடைசி வாரம்.)



போன மாசம் 25ஆம் தேதி, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பதிவு போட்டார். ஒன்டாரியோ மாகாண அரசு ஒரு விளம்பரம் எடுத்திருந்தது, ஞாபகம் இருக்கா? பழைய அதிபர் ரீகன் 1987-ல வானொலியில பேசினதை வெட்டி, 'இறக்குமதி வரி போட்டா கடைசில அடிபடுறது நாமதான்'னு அவர் குரல்லயே சொல்ல வெச்ச விளம்பரம். டொரன்டோ புளூ ஜேஸ் ஆடின வேர்ல்ட் சீரிஸ் மேட்ச் நடுவுலயும் அது ஓடுச்சு. கோபம் வந்து, பேச்சுவார்த்தையை முறிச்சுக்கிட்டார். ரெண்டு நாள் கழிச்சு, கனடா மேல இப்போ இருக்கிற வரிக்கு மேல இன்னொரு 10 சதவீதம்னு அறிவிச்சார்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு வந்த மெசேஜ் எல்லாம் ஒரே மாதிரி. 'தம்பி, வேலை போயிடுமா?' 'வீடு வாங்கலாம்னு இருந்தோம், நிறுத்திடவா?' விண்ட்ஸர்ல கார் பாகம் செய்யற கம்பெனியில வேலை பார்க்கிற ஒரு அண்ணன், ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தார்.

இப்போ ஒரு மாசம் ஆச்சு. அந்த 10 சதவீதத்தை யார் கட்டினாங்க? இந்த எபிசோடைப் பதிவு பண்ற இன்னைக்கு வரைக்கும் யாரும் கட்டலை. ஏன்னா அப்படி ஒரு ஆணையே வெளியாகலை.

எங்க அப்பா அரசு ஊழியர். சட்டசபையில் யார் என்ன அறிவிச்சாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி, 'ஜி.ஓ. வந்துச்சா?' அரசாணை வராத வரைக்கும் அவருக்கு அது வெறும் பேச்சு, வாயால சுடற வடை. அமெரிக்க, கனடா அரசியலைப் பார்த்து பயந்துகிட்டிருக்கிறவங்களுக்கு இன்னைக்கு நான் சொல்ல வர்றது அந்தக் கேள்வியைத்தான், கொஞ்சம் நீட்டி: இது எந்தச் சட்டப்படி? அந்தச் சட்டத்தோட சாவி யார் கையில இருக்கு?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது பயத்தைக் குறைக்கிற மந்திரம் கிடையாது. சில சமயம் இந்தக் கேள்வியைக் கேட்டா பயம் கூடும். அதையும் பார்ப்போம்.

எல்லைச் சாவடியில இருக்கிற சுங்க அதிகாரியை நினைச்சுப் பாருங்க. டெட்ராய்ட் பாலத்துல லாரி வந்து நிக்குது. அவர் ஃபோனைத் திறந்து அதிபரோட பதிவைப் படிச்சு வரி வாங்க முடியாது. ஆணை வேணும், எந்தப் பொருளுக்கு எந்தக் குறியீடுன்னு பட்டியல் வேணும், எத்தனை மணியிலிருந்து அமல்னு எழுதியிருக்கணும். நம்ம வேலையில, மேனேஜர் ஸ்லாக்ல 'நாளைக்கு லைவ்'னு போடறதுக்கும், அது நிஜமாவே ப்ரொடக்‌ஷனுக்குப் போறதுக்கும் எவ்வளவு தூரம்! அதே தூரம்தான் இங்கேயும்.

சரி, இறக்குமதி வரி போடற அதிகாரம் யாருடையது? அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே அது இருக்கிறது. வரி விதிப்பதும், வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவதும் காங்கிரஸின் வேலை. அதிபருக்குச் சொந்தமாக அப்படி ஓர் அதிகாரம் கிடையாது. ஆனால் காங்கிரஸ் வருஷக்கணக்கில் சாவிகளை டூப்ளிகேட் போட்டு அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறது. 1962 சட்டத்தில் பிரிவு 232: தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று வணிகத் துறை விசாரித்துச் சொன்னால் ஒரு பொருளுக்கு வரி போடலாம். 1974 சட்டத்தில் பிரிவு 301: இன்னொரு நாடு நியாயமில்லாமல் வணிகம் செய்தால். அதே சட்டத்தில் பிரிவு 122: 15 சதவீதம் வரை, 150 நாளைக்கு மட்டும். இந்தச் சாவிகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பூட்டு உண்டு. விசாரணை, காரணம், அல்லது கால அளவு.

2025 பிப்ரவரி 1 அன்று டிரம்ப் எடுத்தது வேறொரு சாவி. 1977-இல் வந்த சர்வதேச அவசரநிலைப் பொருளாதார அதிகாரங்கள் சட்டம். நான் இனிமே சுருக்கமா 'அவசரநிலைச் சட்டம்'னு சொல்றேன். எதிரி நாட்டுச் சொத்தை முடக்க, பொருளாதாரத் தடை போட இதைத்தான் எடுப்பார்கள். இறக்குமதி வரி போட இதற்கு முன் எந்த அதிபரும் இதைப் பயன்படுத்தியதில்லை. சட்ட வாசகத்தில் 'இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம்' என்று இருக்கிறது, 'வரி' என்ற சொல் இல்லை. விசாரணை வேண்டாம், உச்ச வரம்பு இல்லை. அவசரநிலை என்று அறிவித்தால் போதும்.

அவசரநிலை என்ன? கனடா எல்லை வழியாக ஃபென்டனில் வருகிறது என்றார்கள். அமெரிக்கச் சுங்கத் துறையின் சொந்தக் கணக்குப்படி, 2024 நிதியாண்டில் வடக்கு எல்லையில் பிடிபட்டது 43 பவுண்டு. ஒரு பெரிய சூட்கேஸ் எடை. தெற்கு எல்லையில் அதே வருஷம் 21,000 பவுண்டுக்கு மேல். 43 பவுண்டும் ஆளைக் கொல்லும்தான், அதை நான் லேசாச் சொல்லலை. ஆனா ஒரு நாட்டோட மொத்த ஏற்றுமதி மேல வரி போடற அளவுக்கு அது அவசரநிலையான்னு கேட்கலாம், இல்லையா?

அப்படித்தான் மார்ச் 4 முதல் 25 சதவீதம் வந்தது, எரிபொருளுக்கு 10. மூன்றே நாளில், கஸ்மா ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட பொருட்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். கஸ்மா என்பது கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் போட்ட வணிக ஒப்பந்தம். ஆகஸ்ட் 1 அன்று 25-ஐ 35 ஆக்கினார்கள், ஆனால் விலக்கு அப்படியே இருந்தது. அதனால தலைப்புச் செய்தியில 'கனடா மேல 35 சதவீதம்'னு பார்த்துட்டு, எல்லாத்துக்கும் 35-னு நினைச்சவங்க நிறைய. கனடாவிலிருந்து போகும் சரக்கில் பெரும்பகுதி இன்றும் வரி இல்லாமல்தான் எல்லை தாண்டுகிறது.

அப்போ வலி எங்கே? ஸ்டீல், அலுமினியம், கார், மரம். ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் மார்ச்சில் 25, ஜூன் 4 முதல் 50 சதவீதம். காருக்கு ஏப்ரலில் 25. மரத்துக்கு ஏற்கெனவே 35 சதவீதம் போல வேறு வரிகள் இருந்தன, அக்டோபர் 14 முதல் அதன் மேல் இன்னொரு 10. இவை எல்லாம் பிரிவு 232. ஹாமில்டன், சூ செயின்ட் மரீ, விண்ட்ஸர், ஓஷவா, பிராம்ப்டன் ஊர்க்காரர்கள் தூங்காமல் இருப்பது இந்தச் சாவியால்தான். பிராம்ப்டனில் தயாரிக்க இருந்த ஜீப் காரை இலினாய்ஸுக்கு மாற்றுகிறோம் என்று ஸ்டெல்லான்டிஸ் அறிவித்ததும் அதே அக்டோபர் 14.

இது ஏன் முக்கியம்னா, நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல வாதம் நடந்துச்சே, அது அவசரநிலைச் சட்டத்தைப் பத்தி மட்டும்தான். மே மாசம் வணிக நீதிமன்றமும், ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்றும், 'இந்தச் சட்டத்துல இவ்வளவு அதிகாரம் இல்லை'ன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு உச்ச நீதிமன்றமும் அப்படியே சொன்னாலும், அந்த விண்ட்ஸர் அண்ணனுக்கு அதனால ஒண்ணும் மாறாது. கார் வரி இருக்கும், ஸ்டீல் வரி இருக்கும். வாட்ஸப்பில் 'கோர்ட் வரியை ரத்து செய்தது' என்று வெடி வெடிக்கப் போகிறார்கள் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் கேட்க வேண்டியது: எந்த வரி, எந்தச் சட்டம்?

இந்த வழக்கைப் போட்டவர்கள் யார் என்பதும் சுவாரசியம். இலினாய்ஸில் குழந்தைகளுக்குக் கல்வி பொம்மை செய்கிற ஒரு குடும்பக் கம்பெனி, நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்கிற ஒருவர், இன்னும் சில சின்ன வியாபாரிகள், அவர்களோடு சில மாநிலங்கள். முதலில் படியேறியது பெரிய கார்ப்பரேட்டுகள் இல்லை.

காங்கிரஸ் என்ன பண்ணுச்சு? எனக்கு இந்த வருஷத்துலயே ரொம்ப ஆச்சரியமான விஷயம் இதுதான். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

1976-இல் வந்த தேசிய அவசரநிலைகள் சட்டப்படி, அதிபர் அறிவித்த அவசரநிலையை முடிக்கக் காங்கிரஸ் தீர்மானம் கொண்டு வரலாம். யாரோ ஒருவர் தீர்மானத்தைக் கொடுத்தால், சபாநாயகர் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டக் கூடாது என்பதற்காகவே சட்டத்தில் கெடு வைத்திருக்கிறார்கள். குழு 15 நாட்காட்டி நாளுக்குள் அனுப்ப வேண்டும், அதன் பிறகு 3 நாளுக்குள் ஓட்டு. நல்ல வடிவமைப்பு. டைம்அவுட் வைத்த கோட் மாதிரி.

மார்ச் 11 அன்று பிரதிநிதிகள் சபையில், ஆளும் கட்சி ஒரு நடைமுறை விதியைச் செருகியது. அதன் சாரம்: பிப்ரவரி 1 அவசரநிலை பற்றிய தீர்மானத்துக்கு, இந்தக் கூட்டத்தொடர் முடியும் வரை வரும் எந்த நாளும் ஒரு 'நாட்காட்டி நாள்' ஆகாது. ஓட்டு 216-க்கு 214. நிறைவேறிவிட்டது.

புரியுதா? சட்டத்தை மாத்தலை. கெடுவை நீட்டலை. நாளை நிறுத்திட்டாங்க. மார்ச் 12-ஆம் தேதி சூரியன் உதிச்சுச்சு, ஆனா அது நாள் இல்லை. தேதி, நேரக் கணக்கு எழுதறது எங்க தொழில்ல பெரிய தலைவலி. லீப் வருஷம், டைம் ஸோன், கோடையில ஒரு மணி நேரம் நகர்த்தறது, எல்லாத்துலயும் அடி வாங்கியிருக்கோம். நகரவே நகராத காலண்டர் ஒண்ணு எழுதித் தாங்கன்னு மட்டும் இதுவரை எந்த க்ளையன்ட்டும் கேட்டதில்லை.

செனட் வேறு மாதிரி நடந்தது. கனடா அவசரநிலையை முடிக்க ஏப்ரல் 2-இல் 51-க்கு 48 என்று தீர்மானம் நிறைவேற்றியது, அக்டோபர் 29-இல் மறுபடியும் 50-க்கு 46. குடியரசுக் கட்சிக்காரர்களான ராண்ட் பால், மெக்கானல், காலின்ஸ், முர்கௌஸ்கி நாலு பேரும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். ஆனால் கீழ்ச்சபையில் நாள் நகராததால் 2025 நவம்பரில் தீர்மானம் அங்கேயே நின்றது. நகர்ந்து நிறைவேறினாலும் அதிபர் வீட்டோ செய்வார், அதைத் தாண்ட இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

'அவரை ஏன் யாரும் தடுக்க மாட்டேங்கறாங்க?'ன்னு கேட்கிறீங்கல்ல, பதில் இந்த 216 பேர்கிட்ட இருக்கு. அவர்களில் ஒருத்தர் உங்க தொகுதியா இருக்கலாம். அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிய நம் ஆட்கள் அதிபர் தேர்தலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். தங்கள் பிரதிநிதி மார்ச் 11 அன்று எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பேர் பேராகப் பொதுவில் இருக்கிறது.

இப்போ இந்தக் கேள்வி பயத்தைக் கூட்டற இடத்துக்கு வருவோம். ஹெச்-1பி.

செப்டம்பர் 19, வெள்ளி சாயந்திரம். ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அதிபர் பிரகடனம் கையெழுத்திட்டார். வணிகத் துறை அமைச்சர் லட்னிக் பக்கத்தில் நின்று, இது வருஷா வருஷம் என்றார். ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷத்தில் அமல். இந்த விசா வாங்குபவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்கள் உடனே திரும்ப வேண்டும் என்று கம்பெனி கம்பெனியாக மின்னஞ்சல் பறந்தது.

நியூ ஜெர்சியில இருக்கிற என் காலேஜ் நண்பன் அப்போ தங்கச்சி கல்யாணத்துக்கு மதுரை வந்திருந்தான். கல்யாணம் திங்கக்கிழமை. அவன் சனிக்கிழமை காலையில எனக்கு ஃபோன் பண்ணப்போ சென்னை விமான நிலையத்துக்குப் போற கார்ல இருந்தான். அம்மா அழுதுக்கிட்டே பின்னாடி உட்கார்ந்திருந்தது எனக்குக் கேட்டுச்சு. பிரகடனத்தோட வாசகத்தைப் ரெண்டு பேரும் ஃபோன்லயே படிச்சோம். ஏற்கெனவே விசா இருக்கிறவனுக்கு இது பொருந்துமா பொருந்தாதான்னு அந்த வாசகத்தை வெச்சு உறுதியாச் சொல்ல முடியலை. அவனோட வக்கீலுக்கும் முடியலை. அவன் போயிட்டான்.

அமெரிக்காவில் சனிக்கிழமை பகலில் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் விளக்கம் கொடுத்தார்: புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும், ஒரே தடவைதான், வருஷா வருஷம் இல்லை, கையில் விசா இருப்பவர் போய் வரலாம். குடியேற்றத் துறையும் எழுத்தில் அதையே சொன்னது. அமைச்சர் வாயில் வந்ததும் காகிதத்தில் வந்ததும் வேறு வேறு. ஆனால் அதற்குள் அவன் நடுவானில் இருந்தான். கல்யாண வீடியோவில் அவன் இல்லை.

இதற்கு எந்தச் சட்டம்? குடியேற்றச் சட்டத்தின் பிரிவு 212-இன் எஃப் உட்பிரிவு. அமெரிக்க நலனுக்குக் கேடு என்று கண்டால், எந்த வகை வெளிநாட்டவர் வருவதையும் அதிபர் நிறுத்தலாம், கட்டுப்பாடு விதிக்கலாம். இந்தச் சாவி ரொம்பப் பெரிய சாவி. சில முஸ்லிம் நாட்டவர்களுக்கான பயணத் தடை வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று இந்த அதிகாரத்தை ஆமோதித்திருக்கிறது. கட்டணம் வசூலிக்க இதைப் பயன்படுத்தலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு வழக்குகள் நடக்கின்றன. ஆனாலும் என் கணிப்பைக் கேட்டால், அவசரநிலை வரியைவிட இது உறுதியான தரையில் நிற்கிறது. வரி விஷயத்துல பதட்டப்படாதீங்கன்னு சொல்ற நானே, ஹெச்-1பியில இருக்கிற நண்பர்கள்கிட்ட ரெண்டாவது வழி ஒண்ணு யோசிச்சு வெச்சுக்கோங்கன்னு சொல்றேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஆணையே இல்லாத பதிவும் சில சமயம் வேலை செய்யும். ஜூன் 27 அன்று, கனடாவின் டிஜிட்டல் சேவை வரியைக் காரணம் காட்டி, பேச்சுவார்த்தை முடிந்தது என்று டிரம்ப் பதிவிட்டார். கூகுள், அமேசான் மாதிரி பெரிய நிறுவனங்களின் கனடா வருமானத்தில் 3 சதவீதம், 2022 வரை பின்னோக்கிப் போகும் வரி. முதல் தவணை ஜூன் 30. ஜூன் 29 ராத்திரி ஒட்டாவா அதைக் கைவிட்டது. நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றிய சட்டம், ஒரு பதிவுக்குப் பின் இரண்டு நாளில் செயலிழந்தது. அதனால் பதிவுகளைச் சட்டமாகப் படிக்காதீர்கள், பேரமாகப் படியுங்கள். பேரத்தில் எதிர்ப்பக்கம் இறங்கினால், ஜி.ஓ. தேவையே படாது.

இனி கனடா. இங்கே இயந்திரமே வேறு.

எங்க மிஸிஸாகா அப்பார்ட்மென்ட்ல ஒரு ஆன்ட்டி கேட்டாங்க, 'எம்.பி.யாவே இல்லாத ஆளு எப்படிப்பா பிரதமர் ஆனார்?' நியாயமான கேள்வி. ட்ரூடோ ஜனவரி 6-இல் விலகுவதாக அறிவித்தார், மார்ச் 9-இல் லிபரல் கட்சி மார்க் கார்னியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, மார்ச் 14-இல் அவர் பிரதமர். அதுவரை எந்தத் தேர்தலிலும் ஜெயித்தவர் இல்லை. பிரதமர் என்பவர் கீழ்ச்சபையின் நம்பிக்கை பெற்ற கட்சியின் தலைவர், அவ்வளவுதான் மரபு. நம்ம ஊர்லயும் ஆறு மாசத்துக்குள்ள எம்.பி. ஆகணும்னு ஒரு கெடுதானே? இங்கே அந்தக் கெடு எழுத்தில் கூட இல்லை.

அந்தத் தலைவர் தேர்தலில் கார்னிக்கு விழுந்த ஓட்டு 1,31,674. நாலு கோடிப் பேர் உள்ள நாட்டின் பிரதமரை அந்த மாதம் முடிவு செய்தது அந்த எண்ணிக்கைதான். இதில் ஒரு விஷயம் நம்ம ஆட்களுக்குத் தெரியவே இல்லை. குடிமகன் இல்லாட்டியும், பி.ஆர். இருந்து, 14 வயசு ஆகியிருந்தா, கட்சியில் பதிவு செய்து அதில் ஓட்டுப் போடலாம். எனக்குப் பொதுத் தேர்தலில் ஓட்டு கிடையாது, பி.ஆர்.தான். பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு மட்டும் கிடைத்தது! இது நல்ல அமைப்பா என்று கேட்டால், எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 28 தேர்தலில் 343 இடத்தில் லிபரல்களுக்கு 169, கன்சர்வேட்டிவ்களுக்கு 144. பெரும்பான்மைக்கு 172 வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் பொலியேவ் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்று, ஆகஸ்ட்டில் ஆல்பர்ட்டாவில் இடைத்தேர்தலில் நின்று திரும்பி வந்தார். நவம்பர் 4-இல் நோவா ஸ்கோஷியா எம்.பி. ஒருவர், கிறிஸ் டான்ட்ரமான், கன்சர்வேட்டிவிலிருந்து லிபரலுக்கு மாறினார். இங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது, மாறினால் பதவி போகாது. ஆக 170.

நவம்பர் 17, பட்ஜெட் மீது ஓட்டு. தோற்றால் அரசு கவிழும், கிறிஸ்துமஸ் சமயத்தில் தேர்தல். முடிவு 170-க்கு 168. கணக்குப் போடுங்க. லிபரல் 170-ல சபாநாயகர் ஓட்டுப் போட மாட்டார், 169. கிரீன் கட்சியோட எலிசபெத் மே சேர்ந்தாங்க, 170. எதிர்ப்பக்கம் 172 இருக்கணும். என்.டி.பி.யில ரெண்டு பேரும் கன்சர்வேட்டிவ்ல ரெண்டு பேரும் ஓட்டுப் போடலை. 168. அந்த நாலு ஓட்டும் விழாததாலதான் அரசு கவிழாம நின்னுச்சு.

அதே மாசம் அமெரிக்காவைப் பாருங்க. பட்ஜெட் முட்டுக்கட்டையில் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அரசாங்கம் மூடிக் கிடந்தது. அதுவரை அவர்கள் வரலாற்றிலேயே நீளமானது. ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை, உணவு உதவி தடுமாறியது. அதற்காக எந்த அதிபரும், எந்த செனட்டரும் பதவி இழக்கவில்லை. கனடாவில் பட்ஜெட் தோற்றால் ஊழியருக்குச் சம்பளம் வரும், பிரதமர்தான் வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வர வேண்டும். எது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கனடாவில் பெரிய சத்தம் இருக்காது என்பதாலேயே ஒன்று நடக்கிறது. இங்கே இருக்கும் நம் ஆட்களும் தினமும் பார்ப்பது வாஷிங்டன் செய்திதான். ஒட்டாவாவில் என்ன மசோதா ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

2025 நவம்பரில் ஓடிய ஒன்று சி-12. ஜூன் 3-இல் சி-2 என்று ஒரு எல்லைப் பாதுகாப்பு மசோதா வந்தது. வாஷிங்டனைச் சமாதானப்படுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கொண்டு வந்தவர் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி. ஸ்கார்பரோ எம்.பி., இலங்கையிலிருந்து சிறுவனாக வந்தவர். தபாலைத் திறந்து பார்க்கும் அதிகாரம் போன்ற பகுதிகளுக்கு எதிர்ப்பு வந்ததும், அகதிகள் பற்றிய பகுதியைப் பிரித்து அக்டோபரில் சி-12 ஆகத் தனியாகக் கொண்டு வந்தார்கள். சாரம் இது: 2020 ஜூன் 24-க்குப் பிறகு முதல் முறை கனடாவுக்குள் வந்த ஒருவர், வந்து ஒரு வருஷம் கழித்து அகதிப் பாதுகாப்பு கேட்டால், குடிவரவு மற்றும் அகதிகள் வாரியத்தின் முழு விசாரணை அவருக்குக் கிடையாது. நாடு கடத்துவதற்கு முன் செய்யும் ஆபத்து மதிப்பீடு மட்டும்தான். நடுவில் ஊருக்குப் போய் வந்திருந்தாலும், கணக்கு முதல் வருகையிலிருந்து ஓடும்.

யோசிச்சுப் பாருங்க. 2022-ல படிக்க வந்த பொண்ணு. வரும்போது ஊர்ல ஒரு பிரச்சினையும் இல்லை. 2025-ல ஊர் நிலைமை மாறிப்போச்சு, இல்ல அவ இங்க எழுதின ஏதோ ஒண்ணால அங்க அவ பேர்ல வழக்கு விழுந்துச்சு. வந்த முதல் வருஷமே கேட்டிருக்க வேண்டியதுதானேன்னா, அவ எதைக் கேட்டிருப்பா? அரசாங்கத் தரப்பு வாதம், படிப்பு விசாவில் வந்து, விசா முடியும்போது தங்குவதற்காக அகதிக் கோரிக்கை போடுபவர்கள் கூடிவிட்டார்கள், வாரியத்தில் கோப்புகள் மலை போல் குவிந்து கிடக்கின்றன என்பது. குவியல் நிஜம். அதற்கு அந்தப் பெண்ணின் விசாரணையை எடுத்துவிடுவது சரியான மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே 'எந்தச் சட்டப்படி, சாவி யார் கையில்' என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. 2025 நவம்பரில் இது இன்னும் சட்டம் ஆகியிருக்கவில்லை. மசோதா நாடாளுமன்றக் குழுக்களின் பரிசீலனையில் இருந்தது. குழுவுக்கு யாரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம், குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. அப்போது பெரும்பான்மை இல்லாத அரசாக இருந்ததால், குழுவில் எதிர்க்கட்சிகள் சேர்ந்தால் வாசகத்தைத் திருத்த வாய்ப்பு இருந்தது. மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நாடாளுமன்ற இணையதளத்தில் எண்ணைப் போட்டால் வரும். உங்கள் எம்.பி.க்குக் கடிதம் போட வேண்டுமானால், ஒட்டாவா நாடாளுமன்ற முகவரிக்குத் தபால்தலை ஒட்ட வேண்டாம், இலவசம். எங்க அப்பார்ட்மென்ட்ல நாங்க ஆறு பேர் உட்கார்ந்து எழுதினோம். ஒருத்தருக்குப் பதில் வந்துச்சு, அச்சடிச்ச பதில்தான். ரெண்டு வாரம் கழிச்சு அந்த எம்.பி. ஆபீஸ்லேர்ந்து ஃபோன் பண்ணி, 'அந்த மாணவி உதாரணத்தைக் கொஞ்சம் விளக்கமா எழுதித் தர முடியுமா?'ன்னு கேட்டாங்க. எழுதிக் கொடுத்திருக்கோம். என்ன ஆகும்னு தெரியாது.

ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போகுதுன்னு கேட்கிறவங்களுக்கு டெரபோன் தொகுதி. மாண்ட்ரியால் பக்கத்துல. ஏப்ரல் தேர்தலில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு லிபரல் ஜெயித்த வித்தியாசம் ஒன்று. ஒரே ஒரு ஓட்டு. பிறகு ஒரு வாக்காளர் சொன்னார், தபாலில் அனுப்பிய என் ஓட்டு எனக்கே திரும்பி வந்துவிட்டது என்று. ப்ளாக் கட்சிக்குப் போட்ட ஓட்டு. உறையில் தேர்தல் அமைப்பு அச்சடித்திருந்த அஞ்சல் குறியீட்டில் பிழை. 2025 நவம்பரில் வழக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. 170-க்கு 168 என்று தப்பித்த பட்ஜெட்டில் அந்தத் தொகுதியின் ஓட்டும் ஒன்று.

அடுத்த எபிசோட் கஸ்மா மறு ஆய்வு பத்தி. 2026 ஜூலை 1-இல் மூன்று நாடுகளும் உட்கார்ந்து, ஒப்பந்தத்தை இன்னும் 16 வருஷத்துக்கு நீட்டிப்பதா என்று சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் மாட்டேன் என்றால் ஒப்பந்தம் அன்றைக்கே சாகாது, 2036 வரை வருஷா வருஷம் ஆய்வு நடக்கும். நான் மேலே சொன்ன விலக்கு இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கிறது, அதனால் அதைத் தனியாக விரிவாகப் பார்க்க வேண்டும். உங்கள் தொழிலில் கஸ்மா சான்றிதழ் நிரப்புகிற வேலை யாராவது செய்கிறீர்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், நிகழ்ச்சிக்கு வந்து பேச ஆள் தேடுகிறேன். விண்ட்ஸர் அண்ணன் வர்றேன்னு சொல்லியிருக்கார், ஷிப்ட் இருந்தா.